பாளையிலிருந்து பாலம் வரை

கண்டிச் சீமைக்குச் சாராயம் எப்போதும் வெளியூர்ச் சரக்குத்தான். இங்கே இருப்பது கித்துள். பதினேழாம் நூற்றாண்டில் ஏறத்தாழ இருபது வருடம் கண்டி அரசனின் கைதியாகக் கிடந்து தப்பிப்போன றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் புத்தகத்தில் கித்துள் மரத்தைப் பற்றியும், அதில் இறக்கும் இனிப்பு நீரைப் பற்றியும், அதைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கித்துள் கள்ளும் உண்டு. என்றாலும் கித்துளுக்கு மரியாதை பாணியிலும் கருப்பட்டியிலுந்தான். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைச் சந்திக் கடையில் கம்பி வலைக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் தென்னஞ்சாராயம் கடற்கரையில் பிறந்து, மலையேறி வந்தது.

பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார வேண்டும். வாத்துவை, களுத்துறை, பயாகலை, மக்கொனை என்று நிலையங்கள் வரும்போது தென்னந்தலைகளுக்கிடையில் கயிறுகள் தெரியும். மரத்துக்கு மரம் இரண்டு கயிறு. கீழ்க்கயிற்றில் கால், மேற்கயிற்றில் கை. கள்ளிறக்குகிறவர் காலையில் ஒரு மரத்தில் ஏறினால், தரைக்கு இறங்காமலே தோட்டத்தைச் சுற்றி வந்துவிடுவார். இடுப்பில் கத்தி, பாளையைத் தட்டும் சிறு கொட்டாப்புளி, கள்ளை வார்த்துக்கொள்ளச் சுரைக்குடுவை. விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் தட்டி, நுனியை மெல்லியதாகச் சீவி, முட்டியை மாட்ட வேண்டும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் பாளை கெட்டுவிடும். மெதுவாகத் தட்டினால் ஊறாது. நல்ல மரம் நாளுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் தரும். அந்தப் பாளையில் பிறகு தேங்காய் கிடையாது. ஒவ்வொரு போத்தல் சாராயமும் காய்க்காமல் போன தேங்காய்களின் கணக்கு என்பதைத் தேங்காய் விலை ஏறும் மாதங்களில் எங்கள் வீட்டுச் சமையலறை நினைவூட்டும்.

கள்ளிறக்குகிறவர்களின் பிள்ளைகள் கயிற்றில் நடக்க வருவதில்லை. விழுந்தால் எழும்ப முடியாத தொழில். அதனால் கள்ளும் குறைகிறது, கயிறும் குறைகிறது.

சாராயத்தை விஸ்கியோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் வேறுபாடு இந்தக் கள்ளில்தான். பேர்பன் விஸ்கிக்குப் போகும் கென்டக்கிச் சோளம் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அரைத்து, அவித்து, மாவை இனிப்பாக்கி, ஈஸ்ட் போட்ட பிறகுதான் அது புளிக்கும். கள்ளுக்கு இந்த உபசாரம் ஒன்றும் தேவையில்லை. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்டே போதும். மரத்தில் இருக்கும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் பியருக்குச் சமமான வெறி ஏறும். ஒரு நாள் தாண்டினால் வினாகிரி. ஆகவே கள்ளை வடிசாலைக்குக் கொண்டுபோவதில் தாமதம் கூடாது. வடிசாலைகள் மரங்களுக்குப் பக்கத்திலேயே முளைத்ததற்குக் காரணம் இந்த அவசரந்தான்.

வடித்த சாராயம் தண்ணீர் நிறத்தில், மூக்கைச் சுடும் வாசத்தோடு வரும். அதை ஆறப்போடுவது மரத்தொட்டியில். ஹல்மில்ல மரம், தமிழில் சாவண்டலை என்பார்கள். கடினமான, நெருங்கிய நாருள்ள மரம். திருகோணமலைக் காடுகளிலிருந்து சென்னைக்கும் போயிருக்கிறது: துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர் மெட்ராஸ் கரையின் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கிய மசூலாப் படகுகளுக்கு இந்தப் பலகையைத்தான் விரும்பினார்கள். பேர்பனின் கதை வேறு: அமெரிக்கச் சட்டப்படி அது இறங்க வேண்டியது உட்புறம் கரிந்த புது ஓக் கொள்கலனில். ஒரு தடவை பாவித்த பீப்பாயில் மறுபடி பேர்பன் ஊற்ற முடியாது. அது ஸ்கொட்லாந்துக்கோ வேறெங்கோ விலைக்குப் போய்விடும். எங்கள் ஹல்மில்லத் தொட்டிகள் அப்படியல்ல. பெரியவை, கரிக்கப்படாதவை, தலைமுறைக்கும் பாவிக்கப்படுபவை. அதனால் பேர்பனில் வரும் வனிலாவும் எரிந்த சீனி வாசமும் சாராயத்தில் அவ்வளவாக வராது. மரம் இங்கே பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். பூவின் வாசம், பழுத்த வாழையின் வாசம், லேசான எண்ணெய்ப் பசை எல்லாம் பாளையிலிருந்தே வருபவை.

இனி மலையேற்றம். 1815இல் கண்டியைப் பிடித்த பிரித்தானியர், 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு வீதியைப் போட்டார்கள். அதை அமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையில் இன்றும் கோபுரம் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் இந்த வீதி இராணுவத்துக்கும் கோப்பிக்கும் என்று இருக்கும். சாராயத்துக்கும் என்று சேர்த்துக்கொள்ளலாம். கீழ்நாட்டுக் கரையில் வடித்த பீப்பாய்கள் மாட்டுவண்டிகளில் ஏறி மேலே வந்தன. ஒவ்வொரு மாவட்டத்திலும் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. குத்தகைக்காரர் முன்னுக்கே காசைக் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, பிறகு தவறணைகளை நடத்தி அதை எடுத்துக்கொள்வார். மொரட்டுவையிலிருந்து வந்த ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிச் சீமையின் சாராயக் குத்தகையில் சேர்த்த செல்வத்தோடு, ஹங்குராங்கெத்தையில் பழைய அரச தோட்டத்தை வாங்கிக் கோப்பி நட்டார். இலங்கையின் பெரிய பணக்காரக் குடும்பங்களில் சிலவற்றின் அத்திவாரத்தில் இந்த வாசம் உண்டு. பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் அவர்கள் கொடையால் எழும்பின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்த கோப்பித் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். மாத்தளைப் பாதை கண்டியைத் தொடுமுன் மகாவலியைக் கடக்கும் துறை கட்டுகஸ்தோட்டை. தெற்கிலிருந்து ஏறிய பீப்பாயும் வடக்கிலிருந்து நடந்த மனிதரும் இந்த மலைகளில் சந்தித்துக்கொண்டார்கள். அந்தச் சந்திப்பில் ஆதாயம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து எல்லையில் தவறணை, தவறணையில் கடன், சம்பள நாளன்று கடன்காரர். லயத்துப் பெண்கள் இன்றைக்கும் சாராயம் என்ற பேச்சையே எடுக்க விடாததற்கு நூற்றைம்பது வருடத்துக் கணக்கு இருக்கிறது. ரசனை பற்றி எழுதுகிற எனக்கு அவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

ரயில் 1867இல் கண்டிக்கு வந்தது. 1880இல் மகாவலியைத் தாண்டி மாத்தளைக்குப் போனது. வண்டிமாடுகளுக்கு ஓய்வு. 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்து பழைய குத்தகை முறை ஒழிந்தது. ஆனால் புதிதாகக் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டதால் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. அதில் பேசிப் பழகியவர்கள் பலர் பிறகு நாட்டின் அரசியல் தலைவர்களானார்கள், டி. எஸ். சேனநாயக்க உட்பட. 1924இல் ஜே. பி. எம். பெரேரா ரொக்லண்ட் வடிசாலையைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1974இல், அரசு தன் வடிப்பு வேலையை ஒரு கூட்டுத்தாபனமாக்கியது. அது 1989இல் டி.சி.எஸ்.எல். என்ற கம்பனியாகி 1992இல் தனியார் கைக்குப் போனது. சீதுவையிலிருந்து லொறியேறும் டி.சி.எஸ்.எல். போத்தல்கள் அந்த வழிவந்தவை.

இடையில் போத்தலுக்குள்ளே ஒரு மாற்றம் நடந்தது. கள்ளு போதாது, குடிக்கிறவர் தொகையோ ஏறுகிறது. பெல்வத்தை, செவனகலை போன்ற சீனி ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த வாசமற்ற மதுசாரம் கலப்புக்கு வந்தது. மலிவான சாராயங்களில் தென்னை வெறும் வாசத்துக்கு மட்டுந்தான். நடுத்தர வகைகளில் கொஞ்சம் கூட இருக்கும். சுத்தத் தென்னை விலையேறியது.

கட்டுகஸ்தோட்டைக் கடையில் இதையெல்லாம் கேட்க நேரமில்லை. வலைக்குள்ளே கை நீட்டி “அரை”, “கால்”, “முழுசு” என்று சொன்னால் பத்திரிகைத் தாளில் சுற்றி வரும். மூடியில் மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கப் பழகியிருக்கிறோம். பெண்கள் அந்த வரிசையில் நிற்பதற்குச் சட்டம் வைத்த தடைக்கு ஒரு கதை உண்டு: 1979இல் வந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாளில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மறுபடி போட்டார். போயா தினத்தில் கடை பூட்டு. எசல பெரஹரா நாட்களிலும் கண்டியில் அப்படித்தான். வெளியூர் நண்பர்கள் இதை மறந்து வந்து முகம் வாடுவது வருடாந்தக் காட்சி.

இந்தப் போத்தல் கடைசியாக வந்து சேரும் மேசைகளில் ஒன்று எங்களுடையது. கென்டக்கியையும் பயாகலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சிறு கூட்டம். ரொறன்ரோவிலிருந்து வரும் ஒருவர் விமான நிலையத்தில் வாங்கியதைத் தருவார்: ஒரு பேர்பன், ஒரு ரை. பேர்பனில் குறைந்தது 51 வீதம் சோளம், ரையில் குறைந்தது 51 வீதம் ரை தானியம் என்பது சட்டம். சில ரைகளில் அது 95 வீதம் வரை போகும்; புல்லிட் ரை அப்படி. சோளத்தின் இனிப்புக்கும் ரையின் மிளகுக் காரத்துக்கும் நடுவில் எங்கள் பழைய சாராயத்தை வைத்தால் முதல் வாயில் அது தோற்றுவிடும். ஏனென்று கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. அந்தப் பேர்பனான வைல்ட் டேர்க்கி 101இன் வலு 50.5 வீதம், எங்கள் போத்தல்களில் 33.5, 36.8 என்று இருக்கும். பலம் கூடியது முந்திக்கொள்கிறது. பேர்பனுக்குத் தண்ணீர் விட்டு சாராயத்தின் வலுவுக்குக் கொண்டுவந்த பிறகு குவளைகளை மாற்றி வைத்தோம். அப்போதுதான் தென்னை வாய் திறந்தது. மூக்கில் முதலில் பூ, பிறகு கனிந்த கதலி. நாக்கில் மெல்லிய எண்ணெய். விழுங்கிய பிறகு பச்சைப் பாளையின் லேசான கசப்பு. பேர்பன் இனித்துக்கொண்டே இருந்தது. ரைதான் உண்மையான போட்டி: அதன் காரமும் சாராயத்தின் வாசமும் ஒன்றையொன்று அமுக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் விடாப்பிடியாகத் திக்கம் வடிசாலைப் பனஞ்சாராயத்துக்காக வாதாடுவார். பனையில் புகை வாசம் உண்டு, அது வேறு சாதி, ஒப்பிடக்கூடாது என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொண்டதில்லை.

கேட்பவர்களுக்கு என் சிபாரிசு இது. கோலாவோடு கலந்து குடிப்பதானால் எந்தப் போத்தலும் சரி, காசை வீணாக்காதீர்கள். இஞ்சி பியரோடு என்றால் நடுத்தர வகை போதும். எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியரின் காரம் கலப்புச் சாராயத்தின் வெறுமையை மூடும். தனியாகச் சுவைக்க விரும்பினால் மரத்தொட்டியில் ஆறிய பழைய தென்னஞ்சாராயமாக ஒன்று எடுங்கள்: டி.சி.எஸ்.எல்.லின் வி.எஸ்.ஓ.ஏ. அல்லது ரொக்லண்டின் சிலோன் அரக். ஐஸ் வேண்டாம், பூவின் வாசத்தை அது அடைத்துவிடும். ஒரு தேக்கரண்டி தண்ணீர், பக்கத்தில் வறுத்த கச்சான். டெவல் பண்ணிய இறைச்சி நாக்கை எரித்துவிடும். அது வந்தால் ஒப்பீடு முடிந்தது.

ஆனால் இந்தச் சிபாரிசில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை என்னால் அடைக்க முடியாது. “ஸ்ட்ரெய்ட்” என்று போட்ட அமெரிக்க விஸ்கி குறைந்தது இரண்டு வருடம் மரத்தில் இருந்திருக்க வேண்டும். நாலு வருடத்துக்குக் குறைவானால் வயதைச் சிட்டையில் எழுதியே ஆக வேண்டும். கென்டக்கிக்காரர் தன் போத்தலைப் படித்துவிட்டு வாதாடுகிறார். நான் கட்டுகஸ்தோட்டையில் வாங்கும் கலப்புச் சாராயத்தின் சிட்டையில் வலு இருக்கிறது, அளவு இருக்கிறது, குடியைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. தென்னை எத்தனை வீதம் என்று எழுதியதைப் பார்த்ததில்லை. கயிற்றில் நடந்தவரின் வேலை அதில் எவ்வளவு, கரும்பாலையின் மிச்சம் எவ்வளவு என்று காசு கொடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? மதுவரித் திணைக்களம் வருடத்துக்கு வருடம் வரியைக் கூட்டட்டும். கூடவே ஒவ்வொரு போத்தலிலும் இரண்டு எண்ணைக் கட்டாயமாக்கட்டும்: தென்னஞ்சாராயம் எத்தனை வீதம், மரத்தில் எத்தனை வருடம்.