வைமாரின் அன்னா அமாலியா

அன்னா அமாலியா 1739 அக்டோபர் 24 அன்று வட ஜெர்மனியில் உள்ள வோல்ஃபன்பூட்டல் நகரில் பிறந்தார். தந்தை பிரவுன்ஷ்வைக்-வோல்ஃபன்பூட்டலின் டியூக் முதலாம் கார்ல். தாய் பிலிப்பைன் ஷார்லட், பிரஷ்ய மன்னர் மகா ஃபிரெடரிக்கின் தங்கை. கார்லின் தங்கை எலிசபெத் கிறிஸ்டினை மணந்தவர் அதே ஃபிரெடரிக். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்பதால், அன்னா அமாலியாவுக்கு ஃபிரெடரிக் தாய்மாமனும் ஆனார், அத்தை கணவரும் ஆனார்.

பிள்ளைகள் நிறைந்த அந்த அரண்மனையில் தன்மீது யாரும் அன்பு காட்டவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். உடன்பிறந்தவர்களின் வாழ்க்கையும் ஏற்ற இறக்கங்கள் கொண்டது. அண்ணன் கார்ல் வில்ஹெல்ம் ஃபெர்டினாண்ட் பெயர்பெற்ற தளபதி. அவருடைய மகள் கரோலின்தான் பின்னாளில் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்கு வாழ்க்கைப்பட்டு அல்லல்பட்டவர். தங்கை எலிசபெத், பிரஷ்யப் பட்டத்து இளவரசரை மணந்து, 1769-ல் விவாகரத்தாகி, ஸ்டெட்டினுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே 1840 வரை வாழ்ந்தார். தம்பி லியோபோல்ட் 1785-ல் ஓடர் நதி வெள்ளத்தில் மூழ்கி இறந்தார்.

1756 மார்ச் 16 அன்று, பதினாறு வயதில், அன்னா அமாலியாவுக்குச் சாக்ஸ-வைமார்-ஐசனாக் டியூக் எர்ன்ஸ்ட் அகஸ்ட் கான்ஸ்டன்டினுடன் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது பதினெட்டு. அடிக்கடி நோயில் விழும் உடம்பு. 1757 செப்டம்பர் 3-ல் மூத்த மகன் கார்ல் அகஸ்ட் பிறந்தான். 1758 மே மாதம் டியூக் இறந்தபோது அன்னா அமாலியாவுக்குப் பதினெட்டு வயது, வயிற்றில் இரண்டாவது குழந்தை. அப்பா முகம் காணாத அந்தப் பிள்ளை, கான்ஸ்டன்டின், செப்டம்பரில் பிறந்தான்.

சட்டப்படி மேஜர் ஆகாத பெண் எப்படி ஆட்சி நடத்துவது? சிறிது காலம் தந்தை பொறுப்பேற்றார். பிறகு புனித ரோமானியப் பேரரசரின் சிறப்பு ஆணையால் மேஜராக அறிவிக்கப்பட்டு, 1759 முதல் மகன் சார்பில் ராஜப்பிரதிநிதியாக ஆண்டார். ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. தாய்மாமன் ஃபிரெடரிக் ஒருபுறம், வைமார் விசுவாசம் காட்டவேண்டிய பேரரசர் மறுபுறம். இருவருக்கும் படை வேண்டும், பணம் வேண்டும். சுமார் ஒரு லட்சம் குடிகளே கொண்ட கடனாளி நாட்டை நொடித்துப்போகாமல் கரைசேர்த்ததுதான் அவருடைய பெரிய சாதனை. கலைகளின் புரவலர் என்ற புகழின் நிழலில் இந்தக் கணக்குவழக்குச் சாமர்த்தியம் மறைந்துபோனது நியாயமில்லை.

அரண்மனைக்குள் இடநெருக்கடியில் கிடந்த நூல்களுக்காக ‘பச்சைக் கோட்டை’ என்ற பழைய மாளிகையைத் திருத்தியமைக்கச் சொன்னார். 1766-ல் நூல்கள் அங்கே குடியேறின. முட்டை வடிவ நடுக்கூடமும் அதைச் சுற்றி மேலெழும் மாடங்களும் கொண்ட அந்த நூலகத்துக்கு 1991-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அரண்மனையிலேயே விட்டிருந்தால் 1774 மே மாதம் அரண்மனையை எரித்த தீ நூல்களையும் தின்றிருக்கும். ஆனால் தீ விடவில்லை: 2004 செப்டம்பர் 2 இரவு நூலகத்தின் மேல்தளம் பற்றியெரிந்து சுமார் 50,000 நூல்கள் அழிந்தன. ஊர்மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். 1534-ம் ஆண்டின் லூதர் பைபிளை இயக்குநரே உள்ளே போய் மீட்டுவந்தார். அன்னா அமாலியா சேர்த்துவைத்த இசைச்சுவடிகளில் பெரும்பகுதி மட்டும் தப்பவில்லை. செப்பனிட்ட கட்டடம் அவருடைய பிறந்தநாளில், 2007 அக்டோபர் 24 அன்று திறக்கப்பட்டது.

மகன்களுக்குப் பாடம் சொல்ல 1772-ல் எழுத்தாளர் வீலாண்டை வரவழைத்தார். மூத்தவன் வளர வளரத் தாய்க்கும் மகனுக்கும் உரசல் முற்றியது. 1775 செப்டம்பர் 3-ல், கார்ல் அகஸ்டின் பதினெட்டாவது பிறந்தநாளில், ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். இரண்டே மாதத்தில் கவிஞர் கதே வைமாருக்கு வந்தார். அவரை அழைத்தவர் கார்ல் அகஸ்ட்தான். தாயின் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதிவைப்பது பிற்காலத்தார் வழக்கம்.

அதிகாரம் கைவிட்டுப் போன பிறகுதான் அவருக்குத் தன் விருப்பப்படி வாழ நேரம் கிடைத்தது. நகரின் ‘விட்டும்’ மாளிகையிலும் டீஃபர்ட் கோடை இல்லத்திலும் வாசிப்பும் ஓவியமும் நாடகமுமாக நாட்கள் ஓடின. கதே எழுதிய ‘எர்வினும் எல்மீரேயும்’ நாடகத்துக்கு அவரே இசையமைக்க, 1776-ல் அது மேடையேறியது. 1788 முதல் 1790 வரை இத்தாலியில், ரோமிலும் நேப்பிள்ஸிலும் தங்கினார். ஏஞ்சலிகா காஃப்மன் அங்கே அவரை ஓவியமாகத் தீட்டினார்.

கடைசிக் காலம் சோகமானது. இளைய மகன் 1793-ல் போர்க்களத்துக்குப் போன இடத்தில் நோயில் இறந்தார். 1806 அக்டோபர் 14-ல் நெப்போலியன் படைகள் யேனாவிலும் அவர்ஸ்டெட்டிலும் பிரஷ்யாவை நொறுக்கின. பிரஷ்யப் படைக்குத் தலைமை வகித்த அண்ணன் கண்களில் குண்டு பாய்ந்து மறுமாதம் மாண்டார், வைமார் சூறையாடப்பட்டது. 1807 ஏப்ரல் 10 அன்று அன்னா அமாலியா காலமானார். கதே எழுதிய இரங்கலுரை தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. அவரைச் சுற்றிய பெரும்புகழுக்கு வித்திட்டதில் அந்த உரைக்கும் பங்கு உண்டு. வைமார் நகரத் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

கார்ல் அகஸ்ட் 1815-ல் ‘பெரும் டியூக்’ ஆக உயர்ந்தார். அவருடைய பேத்தி அகஸ்டா பிரஷ்யாவின் வில்ஹெல்மை மணந்து, 1871-ல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் பேரரசி ஆனார்.