வட்டு மறைந்தும் மறையாத படிமம்: உபுண்டு மேம்படுத்தலில் ஐஎஸ்ஓ கோப்பின் இடம்

இயங்குதள மேம்படுத்தலின் வரலாற்றை ஃப்ளாப்பி, சிடி, டிவிடி, பென் டிரைவ், இணையம் என்று வரிசையாகச் சொல்வது வழக்கம். வரிசை சரிதான், ஆனால் அது மேம்போக்கானது. ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது வட்டின் முழுப் படிமம், எதில் எழுதப்பட்டது என்பதைவிட, அதற்குள் என்ன வைக்கப்பட்டது என்பதே முக்கியம். கணினியில் இருப்பவற்றைக் கலைக்காமல் அடுத்த பதிப்புக்குப் போக முடியுமா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டுமா என்பதை, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில், அதுவே தீர்மானித்தது. உபுண்டுவை முன்வைத்து இதை ஆராய்கிறது இக்கட்டுரை.

சிடியில் தகவலை எழுதும் முறைக்குப் பொது விதி வகுக்க 1985இல் கூடிய நிறுவனங்களின் முயற்சி, 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற தரமாக முடிந்தது. வட்டின் முதல் 16 பிரிவுகளுக்கு, அதாவது 32 கேபி இடத்துக்கு, அத்தரம் எந்தப் பயனையும் வரையறுக்கவில்லை. 1995இல் ஐபிஎம், ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் வெளியிட்ட 'எல் டொரிட்டோ' விதி, ஃப்ளாப்பியின் துணையின்றி சிடியிலிருந்தே கணினியைத் தொடங்க வழிசெய்தது. தரம் பயன் வரையறுக்காத அந்த 32 கேபிக்கு 2008இல் ஒரு புதிய பயன் கிடைத்தது. எச். பீட்டர் ஆன்வினின் சிஸ்லினக்ஸ் திட்டம், வன்தட்டுக்குரிய தொடக்க நிரலை அங்கே வைத்தது. அதனால் ஒரே கோப்பு சிடியில் சிடியாகவும், பென் டிரைவில் வன்தட்டாகவும் இயங்கியது. சிடி டிரைவே இல்லாத மடிக்கணினிகளின் காலத்திலும் ஐஎஸ்ஓ பிழைத்திருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

உபுண்டுவின் முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது. 2006 ஜூனில் வெளியான 6.06 பதிப்பில் டெஸ்க்டாப், ஆல்டர்நேட் என இரு படிமங்கள் இருந்தன. டெஸ்க்டாப் படிமத்தில் இருந்தது, ஏற்கெனவே நிறுவி முடித்துச் சுருக்கி வைத்த முழு அமைப்பு. சிடியிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் அதை அப்படியே வன்தட்டில் நகலெடுக்கலாம். ஆல்டர்நேட் படிமத்திலோ தனித்தனி மென்பொருள் பொதிகள் இருந்தன. நிறுவியும் வெறும் எழுத்துத் திரைதான். பார்க்கப் பழையதாகத் தோன்றிய இந்த இரண்டாவதுதான் மேம்படுத்தலுக்கு உதவியது.

செய்முறை எளிது. ஐஎஸ்ஓவைச் சிடியில் எழுதக்கூட வேண்டாம். மவுண்ட் கட்டளையில் 'லூப்' என்று சேர்த்தால், வன்தட்டில் கிடக்கும் கோப்பே சிடி போலத் திறக்கும். அதிலுள்ள 'சிடிரோம்அப்கிரேட்' நிரலை இயக்கியதும், இணையத்திலிருந்து அண்மைத் திருத்தங்களையும் சேர்க்கவா என்று அது கேட்கும். இணைப்பு மெதுவானதென்றால் வேண்டாம் எனலாம். தேவையான பொதிகளில் பெரும்பகுதி படிமத்திலேயே இருக்கும். சுமார் 700 எம்பி கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் ஓர் ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளையும் மேம்படுத்திவிடலாம். பயனர் தாமாகச் சேர்த்த மென்பொருள்களின் புதிய பதிப்பு மட்டும் அதில் இராது.

2011 ஏப்ரலில் வந்த 11.04 பதிப்பின் டெஸ்க்டாப் நிறுவியிலும் 'மேம்படுத்து' என்ற தெரிவு சேர்ந்தது. ஆனால் அது வேறு வேலை. பயனரின் கோப்புகளை விட்டுவைத்து, அமைப்பின் பகுதிகளை அழித்து மீண்டும் நிறுவும். கூடுதல் மென்பொருள்களை இயன்றவரை மட்டுமே திரும்பக் கொண்டுவரும். கணினி முழுமைக்குமான அமைவுகள் போய்விடும். இதை மேம்படுத்தல் என்பதைவிடக் கவனமான மறுநிறுவல் என்பதே பொருந்தும்.

2012 அக்டோபர் 18 அன்று வெளியான 12.10 பதிப்போடு ஆல்டர்நேட் படிமம் நிறுத்தப்பட்டது. வட்டுப் பிரிவுகளை நெகிழ்வாகக் கையாளும் எல்விஎம், முழுவட்டுக் குறியாக்கம் ஆகிய வசதிகள் டெஸ்க்டாப் நிறுவிக்கே வந்துவிட்டன. அதே பதிப்பில் டெஸ்க்டாப் படிமமும் சிடியின் அளவைத் தாண்டியது. எட்டு நாள் கழித்து வெளியான விண்டோஸ் 8, ஐஎஸ்ஓவை இருமுறை சொடுக்கினாலே திறக்கும் வசதியுடன் வந்தது. விண்டோஸின் படிமத்திலும் இருப்பது சுருக்கிய முழு அமைப்புதான். ஆயினும் அதன் நிறுவி பயனரின் கோப்புகளையும் செயலிகளையும் புதிய பதிப்புக்கு நகர்த்துகிறது. ஆகவே படிமத்திலிருந்து மேம்படுத்தும் வழியை உபுண்டு கைவிட்டதற்குத் தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை. வேகமான இணையம் எல்லோருக்கும் உண்டு என்ற எண்ணமே காரணம் என்பது என் முடிவு.

இறக்கிப் பகிரும் படிமத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்தில் ஊடுருவியவர்கள், பின்கதவு வைத்த படிமத்துக்குப் பதிவிறக்க இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். பக்கத்தையே மாற்ற முடிந்தவர்களுக்கு கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்ய அதே பக்கத்தில் தரப்படும் சரிபார்ப்பு எண்ணை மாற்றுவது பெரிய வேலையல்ல. அதனால்தான் எண்ணுடன் மின்கையொப்பத்தையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

மற்றொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியனோ, படிமத்திலிருந்து மேம்படுத்தும் பழைய வழியை விடவில்லை. அதன் ஜிக்டோ கருவி, கைவசமுள்ள பழைய படிமத்தில் மாறாதிருக்கும் பொதிகளை எடுத்துக்கொண்டு, மீதியை மட்டும் இறக்கிப் புதிய படிமத்தைக் கட்டித் தருகிறது. வட்டிலிருந்து மேம்படுத்துவோருக்கான வழிமுறையும் டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளில் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது.