கரிம ஈட்டுத் திட்டங்களும் பழவேற்காட்டுச் சேற்றுநிலமும்

ஓரிடத்தில் வெளியேறும் கரியமில வாயுவுக்கு ஈடாக, வேறோரிடத்தில் காட்டைக் காத்தோ வளர்த்தோ அதே அளவு வாயுவைத் தேக்கிவைக்கும் ஏற்பாடு கரிம ஈட்டுத் திட்டம் எனப்படும். ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கார்பன் கிரெடிட். ஆலையோ விமான நிறுவனமோ அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். 1980களின் இறுதியில், கனெக்டிகட்டில் நிலக்கரி மின்நிலையம் அமைத்த ஓர் அமெரிக்க நிறுவனம் குவாத்தமாலா உழவர்களின் மரநடவுக்குப் பணம் தந்தது இவ்வகைத் திட்டங்களில் முதலாவதாகக் கருதப்படுகிறது. தட்பவெப்பம், ஊர் மக்கள், பல்லுயிர் மூன்றுக்கும் நன்மை உண்டா என்று சோதிக்கும் தரநெறி 2005இல் வந்தது.

கிரெடிட் செல்லுபடியாக மூன்று நிபந்தனைகள் உண்டு. இந்தப் பணம் வராவிட்டால் அந்தக் காடு நின்றிருக்கக் கூடாது. இங்கே தடுத்த வெட்டு பக்கத்து ஊருக்குப் போய்விடக் கூடாது. நட்டது பல பத்தாண்டுகள் நிற்க வேண்டும். முதல் நிபந்தனையில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. நடக்காமல் போன அழிவை யாராலும் அளந்து பார்க்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்தைப் பெரிதாக்கினால் கிரெடிட்டும் பெருகும். வெர்ரா அமைப்பு சான்றளித்த மழைக்காட்டு கிரெடிட்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட இதழ்கள் எழுதின. வெர்ரா அதை மறுத்தது.

கடற்கரையில் கரிமத்தைத் தேக்கிவைக்கும் வேலையைச் செய்வது அலையாத்தி, அதாவது கண்டல் காடு. காற்றுப் புகாத உப்புச் சேற்றில் இலையும் வேரும் மக்குவது மிக மெதுவாக நடப்பதால், மரத்தைவிடச் சேற்றிலேயே கரிமம் அதிகம் தங்குகிறது. 2009இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை இதற்கு ‘நீலக் கரிமம்’ என்று பெயரிட்டது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் 2010க்குப் பிறகு, டனோன் முதலிய நிறுவனங்களின் பணத்தில், ஊர்ப் பெண்கள் மண்கரைகளுக்கு வெளியே கண்டல் நட்டார்கள். கென்யாவின் காஸி விரிகுடாவில் 2013இல் தொடங்கிய ‘மிகோகோ பமோஜா’ 117 ஹெக்டேர்தான். ஆனால் கிரெடிட் விற்ற பணம் ஊருக்குக் குடிநீராகவும் பள்ளிக்கூடப் பொருளாகவும் போனது. விறகுக்காகக் கண்டல் வெட்டப்படாமலிருக்க அங்கே சவுக்குத் தோப்பும் வைத்தார்கள். கடற்கரைக்கு வெளியே, மேகாலயாவில் காசி மலை மக்களின் ஹிமாக்கள் எனும் பாரம்பரிய ஆட்சிப் பகுதிகள் பத்து சேர்ந்து சுமார் 27,000 ஹெக்டேர் காட்டைக் காக்கும் திட்டம் இந்தியாவின் முன்னோடி.

இனி பழவேற்காட்டுக்கு வருவோம். பொன்னேரியிலிருந்து அங்கே போகும் சாலையில் உள்ள திருப்பாலைவனம், பாலை மரக் காட்டால் பெயர் பெற்றது என்பது ஊர் வழக்கு. பழவேற்காட்டையும் ‘பழைய வேர்க் காடு’ என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. பெயரில் காடு இருந்தாலும், சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய இந்த உவர்நீர் ஏரியில் இன்று கண்டல் திட்டுத்திட்டாகத்தான் நிற்கிறது. நடவுக்கு இடம் தேடுபவர் கண்ணுக்கு, தண்ணீர் வற்றித் தெரியும் பரந்த சேறு வெற்றிடமாகப் படும்.

அது வெற்றிடமில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பாடுகளில் சுத்து வலை கட்டும் உரிமை கோட்டைக்குப்பம் போன்ற பட்டினவர் மீனவக் குப்பங்களில் தலைக்கட்டுக் கணக்குப்படி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிரப்படுகிறது. பாடு எனப்படும் இந்த முறையில் யாருக்கு எந்த நாள், எந்த நீர் என்பது ஊருக்குத் தெரியும். எந்த முறையிலும் பெயர் இல்லாதவர்களும் அதே ஏரியில்தான் பிழைக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். கரையோரச் சேற்றில் வேலி கட்டிக் கன்று நட்டால் முதலில் இடம் இழப்பது இவர்கள்தான். கிரெடிட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, இவர்களுக்கு அங்கே இருக்கை இல்லை. கிரெடிட் பணத்தைப் பகிரும் பட்டியல் எழுதும்போது இவர்கள் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பூநாரைக்கும் அந்தத் திறந்த சேறு வேண்டும். ஆழமற்ற வெட்டவெளி நீரில் அலகைக் கவிழ்த்து மேயும் பறவை அது. அடர்ந்த கண்டலுக்குள் மேயாது. ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமானதற்கு இந்தப் பறவைக் கூட்டமும் முக்கியக் காரணம். கரிமக் கணக்கில் லாபமாகத் தெரியும் நடவு, பறவைக் கணக்கில் நட்டமாகலாம். ஓடை விளிம்புகளில் நட்டு, நடுச் சேற்றை அப்படியே விடுவதுதான் இங்கே பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்துவாரத்தைக் கவனிக்க வேண்டும். மணல் அடைத்துக் கடல்நீர் வராமல் போனால் இறாலும் குறையும், கண்டலும் வாடும். பிச்சாவரத்தில் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கற்றதும் இதுவே. மொட்டையான திட்டுகளில் உப்புநீர் தேங்கி மரம் முளைக்கவில்லை. மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான் கன்றுகள் பிழைத்தன. இருக்கும் கண்டலைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஏற்கெனவே காப்பதால், அதைக் காத்ததாகச் சொல்லி கிரெடிட் விற்பது கடினம். புதிதாக வளர்ந்ததைத்தான் கணக்கில் காட்டலாம். அது வளர, பழவேற்காட்டு மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தபடி, முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும்.