பேரிடர் உதவியில் ஒருங்கிணைப்பும் நிதி அதிகாரமும்: பன்னாட்டு அமைப்புகளின் வரலாறு (1927–2006)

ஆய்வுச்சுருக்கம்

பேரிடர்க் காலங்களில் பன்னாட்டு உதவியை ஒருங்கிணைக்க 1927 முதல் 2006 வரை உருவாக்கப்பட்ட அமைப்புகளை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருங்கிணைக்கும் பொறுப்பு படிப்படியாக விரிவடைந்தபோதும் அதற்குரிய நிதி கொடைநாடுகளின் விருப்பத்திற்கே விடப்பட்டது என்பதை இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மனிதநேய உதவி, ஐக்கிய நாடுகள் அவை, பேரிடர் நிவாரணம், அவசரகால நிதி, ஆழிப்பேரலை.

முன்னுரை

ஐ.நா. அமைதிகாப்புப் படைகளின் செலவு உறுப்பு நாடுகள்மீது பங்காக விதிக்கப்படுகிறது. அத்தகைய செலவு அவையின் செலவே என்று பன்னாட்டு நீதிமன்றம் 1962இல் கருத்துரைத்தது. அதே அவையின் அவசரகால மனிதநேயப் பணிகளோ பெரும்பாலும் நன்கொடையால் நடைபெறுகின்றன. ஒன்று கடமையாகவும் மற்றொன்று கொடையாகவும் அமைந்ததன் விளைவை இவ்வமைப்புகளின் வரலாறு காட்டுகிறது.

சிராவோலோவின் திட்டம்

1908 டிசம்பர் 28இல் இத்தாலியின் மெசினா நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. இப்பேரழிவின் தாக்கத்தால், இத்தாலியச் செஞ்சிலுவைச் சங்கத் தலைவராக விளங்கிய ஜியோவன்னி சிராவோலோ, நாடுகள் தத்தம் பங்கைச் செலுத்திப் பொது நிதியொன்றை முன்கூட்டியே திரட்டவேண்டும் எனக் கருதினார். காப்பீட்டை ஒத்த திட்டம் இது. நாடுகளின் கூட்டமைப்பின் முயற்சியால் 1927 ஜூலை 12இல் பன்னாட்டு நிவாரண ஒன்றியத்திற்கான உடன்படிக்கை ஜெனீவாவில் கையெழுத்தானது. 1932இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தொடக்கப் பங்களிப்பு ஒன்றே கட்டாயமாக்கப்பட்டது. பிற யாவும் விருப்பத்திற்கு விடப்பட்டன. போதிய நிதியின்றி நலிந்த இவ்வொன்றியத்தின் உடைமைகள் 1968இல் யுனெஸ்கோவிடம் சென்றன.

நிதியில்லா ஒருங்கிணைப்பாளர்

1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். இச்சூழலில் 1971 டிசம்பர் 14இல் ஐ.நா. பொதுச்சபை தனது 2816ஆம் தீர்மானத்தின்வழிப் பேரிடர் நிவாரண ஒருங்கிணைப்பாளர் பதவியை உருவாக்கியது. எனினும் ஒரு பேரிடருக்கு ஒரு நாட்டிற்கு அவையின் நடைமுறை முதல் நிதியிலிருந்து வழங்கத்தக்க தொகையின் வழக்கமான உச்சவரம்பு 20,000 டாலர் மட்டுமே. உணவு, குழந்தைகள், அகதிகள் எனத் தனித்தனியே இயங்கிய முகமைகள் கொடையாளரிடம் நேரடியாக நிதி பெற்றன. எனவே ஒருங்கிணைப்பாளரின் சொல்லுக்கு அவை கட்டுப்படவேண்டிய தேவை எழவில்லை.

கடன் நிதியும் அதன் எல்லையும்

1991இல் ஈராக்கின் குர்து மக்கள் துருக்கி, ஈரான் எல்லைகளை நோக்கி ஓடியபோது முகமைகளிடையே நிலவிய ஒருங்கிணைப்பின்மை வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 19இல் நிறைவேறிய 46/182ஆம் தீர்மானம், அவசரகால நிவாரண ஒருங்கிணைப்பாளர் பதவி, கூட்டு நிதி வேண்டுகோள், முகமைகளுக்கிடையிலான நிலைக்குழு, 5 கோடி டாலர் சுழல்நிதி ஆகியவற்றை ஏற்படுத்தியது. இச்சுழல்நிதி கடனாகவே வழங்கப்பட்டது. கொடை வந்து சேர்ந்தபின் முகமைகள் அதைத் திருப்பிச் செலுத்தவேண்டும். இவ்விதியின் விளைவு கருதத்தக்கது. கொடை வரும் என்ற உறுதியுள்ள இடத்தில்தான் ஒரு முகமை துணிந்து கடன்பெற இயலும். ஆகவே, உலகின் கவனத்தை ஈர்த்த பேரிடர்களுக்கே இந்நிதி பயன்பட்டது. கவனிக்கப்படாத துயரங்களுக்கு எட்டவில்லை எனலாம்.

ஆழிப்பேரலையும் கொடை நிதியும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இம்முரண்பாட்டின் மறுபக்கத்தைக் காட்டியது. அவ்வுதவியை மதிப்பிட்ட பன்னாட்டுக் கூட்டாய்வு, பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு ஏறத்தாழ 7,100 டாலர் கிடைத்ததாகவும், அதே ஆண்டின் வங்கதேச வெள்ளத்தில் அத்தொகை 3 டாலர் மட்டுமே எனவும் சுட்டியது. இலங்கையிலும் தமிழகக் கடற்கரையிலும் தேவைக்கு மிகுதியாகப் படகுகள் வழங்கப்பட்டன. குவிந்த தொண்டு நிறுவனங்களை நெறிப்படுத்த நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தனி ஒருங்கிணைப்பு மையமே அமைக்கவேண்டியிருந்தது. ஓரிடத்தில் மிகையும் மற்றோரிடத்தில் வறுமையும் ஒரே நிதிமுறையின் விளைவுகள் என்பது இதனால் புலனாகிறது.

2005 டிசம்பர் 15இல் நிறைவேறிய 60/124ஆம் தீர்மானத்தால் சுழல்நிதி, மைய அவசரகால நிதியாக மாற்றப்பட்டு 2006 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. 50 கோடி டாலர் இலக்கில் 45 கோடி திருப்பித்தர வேண்டாத கொடையாக வகுக்கப்பட்டது. அதில் மூன்றிலொரு பங்குவரை கவனிக்கப்படாத நெருக்கடிகளுக்கென ஒதுக்க வழிசெய்யப்பட்டது. 46/182 விட்ட இடைவெளியை இது ஓரளவு நிரப்பியது. எனினும் இந்நிதியும் நாடுகள் விரும்பி அளிக்கும் தொகையால் நிரம்புவதே.

முடிவுரை

ஒவ்வொரு சீர்திருத்தமும் ஒரு பேரழிவைத் தொடர்ந்தே பிறந்தது. ஒவ்வொன்றும் பதவிகளையும் குழுக்களையும் பெருக்கியது. ஆயின் சிராவோலோ எழுப்பிய வினாவுக்கு, அதாவது உதவி முன்னரே திரட்டப்பட்ட பொதுக் கடமையா, பின்னர் வேண்டிப்பெறும் கொடையா என்பதற்கு, நாடுகள் அளித்த விடை மாறவில்லை. 2023இல் ஐ.நா. கோரிய மனிதநேய நிதியில் பாதிக்கும் குறைவே கிடைத்தது. கட்டாயப் பங்கு விதித்தால் செலவின்மீது அரசுகளின் அரசியல் தலையீடு மிகக்கூடும் என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. இருப்பினும், அவசரகால நிதியின் ஒரு பகுதியேனும் அமைதிகாப்புச் செலவைப்போல் பங்காக விதிக்கப்படாதவரை, பேரிடரின் தேவையைவிட அதற்குக் கிட்டும் கவனமே உதவியின் அளவை முடிவுசெய்யும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபாகும்.