இரண்டு இடத்தில் ஒப்பமிட்ட தாள்

கரைவலைக்குக் கயிறு இரண்டு. புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு கூட்டம் நின்று அம்பா எனும் தொழிற்பாட்டைப் பாடி இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மீன் சேரும் மடி நடுவில் கரையேறும்.

இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 போர்நிறுத்த உடன்படிக்கையில் அந்த நெருக்கம் இல்லை. புலிகளின் தலைவர் பிரபாகரன் பெப்ரவரி 21 அன்று வன்னியில் ஒப்பமிட்டார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க மறுநாள் வவுனியாவில். நடுவில் நின்றது நோர்வே. 23ஆம் திகதி பிறந்ததும் தாள் நடைமுறைக்கு வந்தது.

உடப்பில் இருந்து அதைப் படித்தால் கண் நிற்பது 2.11ஆம் பந்தியில். மீன்பிடித் தடைகள் படிப்படியாகத் தளரும். தொண்ணூறாம் நாளிலிருந்து இரவும் பகலும் தொழிலுக்குப் போகலாம். ஆனால் கரையோரப் படைமுகாம்களுக்கு இருபுறமும் 1 கடல் மைல், கடற்பக்கம் 2 கடல் மைல் வரை வலை போடக்கூடாது. துறைமுகம், குடா, கழிமுகத்திலும் கூடாது. சமாதானம் பற்றிய பெரிய வசனங்களைவிட இந்த மைல் கணக்கில்தான் எனக்கு நம்பிக்கை. மீறினால் அளந்து சொல்லலாம்.

போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து நாட்டவர் வெறுங்கையோடு வந்தார்கள். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு இடங்களில் ஐவர் குழு: அரசுக்கு இருவர், புலிகளுக்கு இருவர், தலைமைக்கு ஒரு வெளிநாட்டவர். புத்தளம் பட்டியலில் இல்லை. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாய் வந்து தங்கியதோ இந்த மாவட்டத்தில்.

ஆடியில் தீமிதிக்கும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பார்த்தசாரதியாகக் கண்ணனும் உண்டு. பாரதக் கதையில் தூது போன அவன்தான் பிறகு ஒரு பக்கத்துத் தேரை ஓட்டினான். நோர்வேயையும் தெற்கில் பலர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள்.

2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. கண்காணிப்பில் ஒன்றிய நாட்டவர் வேண்டாம் என்றனர் புலிகள். செப்டம்பருக்குள் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆகிய மூன்று நாட்டவரும் மூட்டை கட்டினர். அதற்குள் மாவிலாற்றில் நீர்ப்பாசன மதகு மூடப்பட்டு, அதன்பேரில் சண்டை மூண்டிருந்தது. தாள் மட்டும் செல்லுபடியாகவே கிடந்தது.

விலகுவதற்கு 14 நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்கிறது 4.4ஆம் பந்தி. அரசு அதன்படியே அறிவித்தல் கொடுத்தது. 2008 ஜனவரி 16இல் எல்லாம் முடிந்தது. அறிவித்தல் போனது புலிகளுக்கு அல்ல, நோர்வேக்கு. பந்தியில் அப்படித்தான் எழுதியிருந்தது.