சென்னை வீட்டு வரியும் ஆண்டு வாடகை மதிப்பும்: 1919 முதல் 2024 வரை

சொத்து வரி உயரும்போதெல்லாம் எத்தனை விழுக்காடு என்பதே பேச்சாகிறது. ஆனால் சென்னையில் ஒரு வீட்டின் வரிச்சுமையைத் தீர்மானித்து வந்திருப்பது, அந்த விழுக்காடு எந்தத் தொகையின்மேல் போடப்படுகிறது என்பதுதான். ஆண்டு வாடகை மதிப்பு என்னும் அந்தத் தொகையின் வரலாற்றைப் பார்த்தால், மதிப்பைத் திருத்தாமல் விட்ட காலங்களே பெரும் பாதிப்பை ஏற்படுத்தியிருப்பது தெரியும்.

வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று கணித்து, அதில் பழுதுபார்ப்புச் செலவைக் கழித்து வரி விதிக்கும் முறையை இங்கிலாந்து 1836 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்தது. 1919 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் 100 ஆம் பிரிவிலும் இதே கருத்துதான் இருந்தது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் கணக்கு வாடகையில்தான் தொடங்கும்.

மாநகராட்சியின் கணக்கில் 10.92 என்றொரு பெருக்கெண் உண்டு. 1,000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு மாதம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000. இதில் பத்தில் ஒரு பங்கான 2,400 நிலத்துக்கு உரியது. மீதமுள்ள 21,600 கட்டடத்துக்கு உரியது. அதில் மட்டும் பத்து விழுக்காடு, அதாவது 2,160 ரூபாய், பழுதுபார்ப்புக்காகக் கழிகிறது. மிஞ்சுவது 21,840. 2,000 ரூபாயை 10.92 ஆல் பெருக்கினாலும் இதே தொகைதான் வரும். நிலம் தேயாது, கட்டடம்தான் தேயும் என்ற சட்டத்தின் பார்வை அந்த எண்ணில் இருக்கிறது.

இந்த முறைக்கு முதல் இடையூறு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் வந்தது. சட்டம் அனுமதிக்கும் வாடகைக்கு மேல் 'நியாயமாக எதிர்பார்க்க' முடியாது என்று 1961 இல் பத்மா தேபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்கத்தா வழக்கு அது. 1970 இல் குண்டூர் வழக்கிலும் அதே நிலைப்பாடு. குண்டூர் வழக்கு நமக்கு நெருக்கமானது. அதில் ஆராயப்பட்ட 1920 ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே தமிழ்நாட்டு நகராட்சிகளையும் ஆண்டது. இந்தத் தீர்ப்புகளுக்குப் பின் நாட்டின் பல நகரங்களில் மதிப்பு, சந்தை வாடகையை விட்டு விலகி நின்றது. பாட்னா 1993 இல் பரப்பளவு முறைக்கும், டெல்லி 2004 இல் அலகுப் பரப்பு முறைக்கும், மும்பை 2010 இல் மூலதன மதிப்பு முறைக்கும் மாறின. சென்னை வாடகை மதிப்பிலேயே நின்றது.

நின்றதில் குறையில்லை, புதுப்பிக்காததுதான் குறை. 1998 இல் நடந்த பொதுச் சீராய்வுக்குப் பின் இருபது ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 2018 இல் அறிவித்த உயர்வும் 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு, மானியம் பெற வேண்டுமானால் சொத்து வரிக்கு அடிப்படை விகிதங்களை அறிவிக்க வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக் குழு நிபந்தனை விதித்தது. 2022 ஏப்ரலில் வரிப்பாரம் ஒரேயடியாக ஏறியது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 விழுக்காடு உயர்வு. 2011 இல் இணைக்கப்பட்ட பகுதிகளுக்கு இது 25 முதல் 100 வரை.

சிறு வீடுகளுக்குக் காட்டிய சலுகை வரவேற்கத்தக்கது. ஆனால் இந்த உயர்வு பழைய மதிப்பின்மேல் வைத்த விழுக்காடு. தெருக்களின் வாடகையை அது புதிதாக அளக்கவில்லை. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007 இல்தான் வந்தது. 1998 க்குப் பின் இப்படி வளர்ந்த பகுதிக்கும், வளராமல் தேங்கிய பகுதிக்கும், வீட்டின் அளவு ஒன்றாக இருந்தால் உயர்வும் ஒன்றே. தெருவுக்குத் தெரு இருந்த பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே தொடர்கிறது. 2024 இல் மாநகராட்சி மன்றம் ஒப்புதல் அளித்த 6 விழுக்காடு உயர்வும் அந்த அடித்தளத்தின்மேல்தான் ஏறியது. தெருவாரியாக இன்றைய வாடகையைக் கணக்கெடுத்து, வீதங்களை மக்கள் சரிபார்க்கும்படி வெளியிட்டு, அதன் பிறகு விழுக்காட்டைக் குறைப்பதா கூட்டுவதா என்று மன்றம் விவாதிப்பதே முறையாகும்.