உண்ணியின் வாசலுக்குப் போன தேனீ

இந்தப் பக்கம் கடுகு பூக்கும் மாதங்களில் ரோட்டோரம் வரிசையாகத் தேன் பெட்டிகள் நிற்கும். உள்ளே இருப்பது நம்ம ஊர் அடுக்குத் தேனீ இல்லை, ஐரோப்பியத் தேனீ. தேன் அதிகம் தரும் என்று 1960களில் நக்ரோட்டாவில் கொண்டுவந்து பழக்கினார்கள்.

அதற்கு எமன், குண்டூசித் தலையளவு உண்ணி ஒன்று. பெயர் வர்ரோவா.

1904இல் ஜாவாவிலிருந்து வந்த இந்த வகை உண்ணியை முதலில் விவரித்தவர் ஔடெமன்ஸ் என்ற டச்சுக்காரர். அது இருந்தது ஆசியத் தேனீயின் கூட்டில், அதாவது நம்ம அடுக்குத் தேனீயின் இனத்தில். அங்கே பெரிய சேதம் இல்லை. ஆண் தேனீப் புழுக்களில் மட்டும்தான் அது பெருகும். வேலைக்காரத் தேனீக்கள் உண்ணியைப் பிடித்து அப்புறப்படுத்தியும் விடும்.

பிறகு மனிதன் ஐரோப்பியத் தேனீயைப் பெட்டியோடு ஆசியாவுக்குக் கொண்டுபோனான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உண்ணி அதற்குத் தாவியது. புதுத் தேனீக்குத் தற்காப்பு தெரியவில்லை. வேலைக்காரத் தேனீப் புழுக்களிலும் உண்ணி பெருகியது, வைரஸையும் பரப்பியது. 1987இல் அமெரிக்கா, 1992இல் இங்கிலாந்து, 2000இல் நியூசிலாந்து.

அதே 2000இல்தான் இந்தச் சேதத்தைச் செய்வது ஜாவா உண்ணி அல்ல, வேறொரு இனம் என்று ஆண்டர்சனும் ட்ரூமனும் காட்டினார்கள். வைத்த பெயர் 'டெஸ்ட்ரக்டர்', நாசக்காரன்! 2022இல் ஆஸ்திரேலியாவிலும் நுழைந்தது; ஒழிக்கும் முயற்சியை 2023இல் கைவிட்டார்கள்.

இப்போது உண்ணியைத் தானே கண்டுபிடித்து அகற்றும் ஐரோப்பியத் தேனீக்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். தேன் குறைவு என்று நாம் ஒதுக்கிய தேனீயிடம் அந்தக் குணம் முன்பே இருந்தது. வரவை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதினால் இப்படித்தான்.

ஊரில் கொல்லையில் அடுக்குத் தேனீப் பெட்டி இருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.